அந்த 2.4 நிமிடங்களுக்கு யார் காசு கொடுப்பது?

சிங்கப்பூரில், தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் நான் சில வருஷம் கவுண்டரில் வேலை பார்த்தேன். அறை 1இல் ஆண் டாக்டர், அறை 2இல் பெண் டாக்டர். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வருவது நம் பாட்டிமார்கள்தான், அவர்களுக்குப் பின்னால் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மாக்கள், சீன ஆண்ட்டிகள். மொழிதான் வேறு, கேள்வி ஒன்றுதான்: "லேடி டாக்டர் இருக்காங்களா?" இருக்கிறார், ஆனால் ஆறு பேர் முன்னால் இருக்கிறார்கள், அறை 1 காலியாக இருக்கிறது என்று சொன்னாலும், "பரவால்லம்மா, உட்கார்ந்திருக்கேன்" என்று பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒரு நாள் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் முட்டி வலி என்று வந்தார். அறை 2 டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அதனால் மொழிபெயர்க்க என்னை உள்ளே கூப்பிட்டார். முட்டியைப் பார்த்தாகிவிட்டது, மாத்திரை எழுதியாகிவிட்டது, பாட்டி எழுந்து கதவுப்பிடியில் கையும் வைத்துவிட்டார். அங்கே நின்றபடியே என் பக்கம் திரும்பி, "அப்புறம் இன்னொண்ணும்மா, டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். மாதவிடாய் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் இரண்டு மாதமாக மறுபடியும் கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் படுகிறதாம். மகளிடம் சொல்லவில்லை. மகனிடம் எப்படிச் சொல்வது?

நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். இந்த வயதில் அப்படி ரத்தம் படுவதைச் சும்மா விடக் கூடாது, கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். பரிசோதனை செய்தார், கேகே மகளிர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார், சீக்கிரமாகத் தேதி கிடைக்கத் தாமே போன் போட்டார், ஏன் கட்டாயம் போக வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார், நானும் மூன்று தடவை தமிழில் சொன்னேன். வெளியே ஆறு பேர் ஒன்பது பேர் ஆகியிருந்தார்கள். பில் போடும்போது எங்கள் கணினியில் சாதாரண ஆலோசனை, நீண்ட ஆலோசனை என்று இரண்டு கட்டணம் வரும். "லாங் போடவா டாக்டர்?" என்று கேட்டேன். "வேண்டாம், எப்பவும் போடுறதையே போடுங்க, முட்டி வலிக்குத்தானே வந்தாங்க" என்றார்.

அந்தக் கிளினிக்கில் டாக்டர்களுக்கு ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் அவரவர் அறையில் வந்த வசூலில் ஒரு பங்கு. மாதக் கடைசியில் அறைவாரியாகக் கூட்டிக் கொடுப்பது என் வேலை. அறை 2இல் விளக்கு எப்போதும் கடைசியில்தான் அணையும், ஆனால் மாதத்துக்கு மாதம் அறை 1தான் அதிகம். அறை 1 டாக்டரும் நல்ல டாக்டர், யாரையும் விரட்டியதில்லை. இருமல், காய்ச்சல், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) என்று அவரிடம் போகிறவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

மருத்துவர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வருமானத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கதவுப்பிடிதான். "சம்பள அட்டவணை எல்லாருக்கும் ஒன்றுதானே, அப்புறம் எங்கிருந்து வித்தியாசம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதற்குப் பதிலும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஒரே ஆண்டில் ஹவுஸ் ஆபிசராக, அதாவது முதலாண்டு மருத்துவராகச் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்தான். ராணுவம் போன்றவற்றில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையை முடித்த ஆண்களுக்கு அரசுத் துறையில் தொடக்கச் சம்பளத்தில் அதைக் கணக்கில் எடுப்பது உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன், இரண்டு வருஷத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய இடைவெளி உண்டாவது அட்டவணைக்கு வெளியே. எந்தத் துறை, எத்தனை மணி நேரம், யார் நோயாளியை அனுப்பிவைக்கிறார்கள், எந்த வேலைக்கு விலை வைத்திருக்கிறோம், எந்த வேலைக்கு வைக்கவில்லை என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறது.

முதலில் பொதுவான நிலவரம். மனிதவள அமைச்சு, முழுநேரமாக வேலை பார்க்கும் 25 முதல் 54 வயதுவரையிலான சிங்கப்பூர்வாசிகளை வைத்துப் போட்ட கணக்கில், ஆண் பெண் இடைநிலைச் சம்பள வித்தியாசம் 2018இல் 16.3 விழுக்காடு, 2023இல் 14.3 விழுக்காடு. வயது, படிப்பு, தொழில், துறை, வழக்கமான வேலை நேரம் எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தபிறகு 2023இல் மிஞ்சியது 6 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைக் காட்டி "பார்த்தீர்களா, உண்மையில் 6தான்" என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 14.3க்கும் 6க்கும் நடுவில் இருப்பது, பெரும்பாலும் ஆணும் பெண்ணும் வெவ்வேறு வேலைகளில் போய்ச் சேர்வதால் வரும் வித்தியாசம். ஒரு பெண் ஏன் அந்தத் துறைக்குப் போனாள், ஏன் இந்தத் துறைக்குப் போகவில்லை என்ற கதையை எல்லாம் "சமப்படுத்தி" ஒதுக்கி வைத்துவிட்டால் பாதிக் கேள்வியையே கேட்காமல் விட்டுவிடுகிறோம். மருத்துவத்தில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் வருமானம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அமெரிக்காவில் 2021இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 80,000க்கும் மேற்பட்ட முழுநேர மருத்துவர்களின் வருமானத்தை எடுத்துக்கொண்டு, துறை, வேலை நேரம், நோயாளிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சமப்படுத்திய பிறகும், 40 ஆண்டுப் பணிக்காலத்தில் ஒரு பெண் மருத்துவர் ஆணைவிடச் சுமார் 2 மில்லியன் டாலர் குறைவாகச் சம்பாதிக்கிறார் என்று கண்டார்கள். ஆணுக்கு 8.3 மில்லியன், பெண்ணுக்கு 6.3 மில்லியன். அறுவை சிகிச்சைத் துறைகளில் இந்த இடைவெளி மிக அதிகம், குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலைச் சிகிச்சையில் குறைவு. இடைவெளி வேகமாக விரிவது வேலைக்கு வந்த முதல் பத்து வருஷத்துக்குள்ளேதான், பிறகு அது மூடுவதே இல்லை. முதல் பத்து வருஷம் என்றால் எந்த வயது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் நிலைமை நமக்குக் கொஞ்சம் கிட்ட வரும், அங்கே பெரும்பாலான மருத்துவர்கள் அரசாங்கச் சுகாதாரச் சேவையில் இருக்கிறார்கள், அட்டவணைச் சம்பளம் வாங்குகிறார்கள். அப்படியும், பேராசிரியர் ஜேன் டேக்கர் தலைமையில் 2020 டிசம்பரில் வெளிவந்த சுயேச்சை ஆய்வு, பகுதிநேரத்தை முழுநேரமாக மாற்றிக் கணக்கிட்ட பிறகும் மருத்துவமனை மருத்துவர்களிடையே 18.9 விழுக்காடும் குடும்ப மருத்துவர்களிடையே 15.3 விழுக்காடும் இடைவெளி இருப்பதைக் காட்டியது. ஒரே அட்டவணை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இனி கதவுப்பிடி விஷயத்துக்கு வருகிறேன். 2020இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வு, 2017ஆம் ஆண்டில் நடந்த 24 மில்லியனுக்கும் அதிகமான முதல்நிலைச் சிகிச்சைச் சந்திப்புகளை எடுத்துப் பார்த்தது. பெண் மருத்துவர்கள் ஈட்டிய வருவாய் ஆண்களைவிட 10.9 விழுக்காடு குறைவு. சோம்பலா? இல்லை. நோயாளியோடு செலவிட்ட மொத்த நேரம் அவர்களுக்கு 2.6 விழுக்காடு அதிகம். ஒரு நோயாளிக்குச் சராசரியாக 2.4 நிமிடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் பார்த்த தலைகள் குறைந்துபோயின, தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிற முறையில் வருமானமும் குறைந்துபோனது. இதைப் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. மாதக் கடைசியில் என் கையால் கூட்டிக் கொடுத்த கணக்கை அப்படியே பல்லாயிரம் மடங்கு பெருக்கி யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது.

2.4 நிமிடம் சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால் 72 நிமிடம். அந்த 72 நிமிடத்தில் என்ன நடக்கிறது? கதவுப்பிடியில் கைவைத்தவர் திரும்பி வந்து உட்கார்கிறார். கணவன் அடிப்பதை ஒருவர் சொல்கிறார், தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்த இன்னொருவர் அழுது முடிக்கிறார், மருந்தை மூன்று மாதமாகச் சாப்பிடவே இல்லை என்று ஒரு தாத்தா மெதுவாக ஒப்புக்கொள்கிறார். பெண் மருத்துவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகள், ஆண்கள் எல்லாரும் அவசரக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லேடி டாக்டர் கேட்பார் என்று நாம் எதிர்பார்த்துப் போகிறோம், அவரிடம் சொல்லலாம் என்று வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து எடுத்துப் போகிறோம், அந்த எதிர்பார்ப்பின் செலவு அவர் பையிலிருந்து போகிறது. என் அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

அந்த நேரம் வீணும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர்களின் 1.5 மில்லியனுக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. பெண் மருத்துவர் கவனித்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 11.07 விழுக்காடு, ஆண் மருத்துவர் கவனித்தவர்களில் 11.49. தனி ஒரு நோயாளிக்கு இது சிறிய வித்தியாசம், அத்தனை பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான உயிர். அதே வேலைக்குக் குறைவான காசு என்பதோடு நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்த வேலைக்குக் குறைவான காசு.

விலை வைக்கிற முறையைப் பாருங்கள். சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைகளுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது, 1ஏ முதல் 7சி வரை, எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவு மேலே, மெடிசேவ் என்ற நம் கட்டாய மருத்துவச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதும் அதைப் பொறுத்தது. 2018 நவம்பரில் சுகாதார அமைச்சு தனியார் சிகிச்சைக்கான கட்டண அளவுகோல்களையும் வெளியிட ஆரம்பித்தது. கத்தி வைக்கும் செயலுக்கு ஒரு எண், பலவற்றுக்கு ஒரு விலை அளவுகோலும். நல்ல விஷயம்தான், நோயாளிக்குப் பாதுகாப்பு. ஆனால் பயந்துபோன ஒரு பாட்டிக்கு மூன்று தடவை பொறுமையாகச் சொல்வதற்கு எந்த எண்ணும் கிடையாது. குழந்தை நலம், முதியோர் மருத்துவம், குடும்ப மருத்துவம், மனநலம் என்று பேச்சும் கவனிப்பும் அதிகமாக உள்ள துறைகள் பல நாடுகளில் வருமானத்தில் கீழே இருக்கின்றன, பெண்கள் அதிகமாக இருப்பதும் அங்கேதான். வெட்டித் தைக்கிற, குழாய் விட்டுப் பார்க்கிற துறைகள் மேலே.

சரி, பெண்கள் அறுவை சிகிச்சைக்கே போனால்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு சிகிச்சைக்கு ஆண் செய்தாலும் பெண் செய்தாலும் அரசாங்கம் ஒரே தொகைதான் கொடுக்கிறது. அங்கே 3,275 அறுவை மருத்துவர்கள் செய்த சுமார் 1.5 மில்லியன் சிகிச்சைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அறுவைக் கூடத்தில் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெண்கள் 24 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள். மெதுவாகச் செய்கிறார்களா என்று பார்த்தால், ஒரே சிகிச்சைக்கு இருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தில் வித்தியாசம் இல்லை. விலை உயர்ந்த சிகிச்சைகள் அவர்கள் கைக்கு வருவது குறைவு, காரணம் அதுதான்.

யார் கைக்கு வர வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? இன்னொரு மருத்துவர். அதே ஒன்டாரியோவில் இருபது ஆண்டுகளின் பரிந்துரைக் கடிதங்களை, கிட்டத்தட்ட 40 மில்லியன் கடிதங்களை எடுத்துப் பார்த்தபோது, அறுவை மருத்துவர்களில் ஆண்கள் 77.5 விழுக்காடு, ஆனால் ஆண் மருத்துவர்கள் எழுதிய கடிதங்களில் 87.1 விழுக்காடு ஆண்களுக்கே போனது. பெண் மருத்துவர்கள் எழுதியதில் 79.3. அமெரிக்காவில் பொருளியல் அறிஞர் ஹெதர் சார்சன்ஸ் செய்த ஆய்வு இதைவிட மனதைக் குத்துவது. ஒரு பெண் அறுவை மருத்துவரிடம் அனுப்பிய நோயாளி இறந்துவிட்டால், அதன் பிறகு அவருக்கு வரும் கடிதங்கள் ஆணுக்குக் குறைவதைவிட அதிகமாகக் குறைகின்றன, அதே துறையில் உள்ள மற்றப் பெண்களுக்கு அனுப்புவதும் குறைகிறது. ஆண் கையில் இறந்தால் அது அந்த ஒருவருடைய விஷயம். பெண் கையில் இறந்தால் அது பெண்களுடைய விஷயமாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது வெளியூர்க் கணக்கு. சிங்கப்பூருக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது, அதை இளையவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 1979 முதல் நம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். படிக்க வைக்க இவ்வளவு செலவு செய்கிறோம், பெண்கள் கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டுவிடுகிறார்கள், பகுதிநேரமாகிவிடுகிறார்கள் என்பது அன்றைக்குச் சொன்ன காரணம். மதிப்பெண் இருந்தும், அந்த வருஷத்தின் பெண்கள் பங்கு நிறைந்துவிட்டதால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். கை அறுவை சிகிச்சை நிபுணரும், 1992இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினரான முதல் பெண்ணுமான டாக்டர் கன்வல்ஜித் சொயின் போன்றவர்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்து பேசினார்கள். கடைசியில் 2002 டிசம்பரில்தான் வரம்பை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஒளிவுமறைவாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் உதாரணம்: தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பல வருஷமாகப் பெண்களின் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையே குறைத்து வந்தது 2018இல் அம்பலமாகி உலகமே திட்டியது. நாம் அதை வெளிப்படையாக, விதியாகவே வைத்திருந்தோம், இருபத்து மூன்று வருஷம்.

அந்த வரம்பு போய்விட்டதே, பழங்கதை எதற்கு என்கிறீர்களா? 1979இல் பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிய வயது. 2002இல் சேர்ந்தவர்களுக்கு நாற்பது சொச்சம். அதாவது இன்றைக்கு மூத்த ஆலோசகர்களாக, துறைத் தலைவர்களாக, மவுண்ட் எலிசபெத் மாதிரி தனியார் மருத்துவமனைகளில் சொந்தப் பெயர்ப் பலகை வைத்திருக்கும் சிறப்பு மருத்துவர்களாக, ஒரு மருத்துவர் வாழ்நாளில் அதிகம் சம்பாதிக்கும் வயதில் இருக்கும் அந்தத் தலைமுறையே இந்த வரம்புக்குள் வடிகட்டி எடுக்கப்பட்டது. யாருக்குப் பயிற்சி இடம் தருவது, யாரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது, கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று முடிவெடுப்பதும் அவர்கள்தான். விதியை ஒரே நாளில் எடுத்துவிடலாம், அது உண்டாக்கிய தலைமுறை ஓய்வு பெற இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

"பெண்ணுக்குத் துணைவருமானம், ஆணுக்குக் குடும்ப வருமானம்" என்ற எண்ணம் மருத்துவத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசாங்கப் பணியில் இருக்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆண்களைப் போலவே மருத்துவச் சலுகை பெற 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனையில் மற்றவர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த பெண்களுக்கும் சேர்த்துத்தான் அந்த விதி.

என் அக்கா மகள் இப்போது ஒரு மருத்துவமனையில் எம்.ஓ.வாக, அதாவது சிறப்புப் பயிற்சிக்கு முந்தைய நிலை மருத்துவராக இருக்கிறாள். படிக்கும்போதே அவளுக்கு அறுவை சிகிச்சைதான் ஆசை, கை அசையாது, நிதானம், ரத்தத்தைப் பார்த்துப் பயந்ததே இல்லை. போன தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே, "சின்னம்மா, நான் ஃபேமிலி மெடிசின் போலாம்னு இருக்கேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்: அறுவைச் சிறப்புப் பயிற்சிக்கு இடம் கிடைக்கவே இரண்டு மூன்று வருஷம் ஆகலாம், அப்புறம் பயிற்சி ஐந்தாறு வருஷம், "முடிக்கும்போது முப்பத்தஞ்சு, குழந்தை எப்போ பெத்துக்குறது?" பயிற்சியின்போது வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம்வரை போகலாம், ராத்திரி ஆன்-கால் வேறு. குழந்தைப் பராமரிப்பு நிலையம் மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்தும். அக்கா குறுக்கே வந்து, "பொம்பளப் பிள்ளைக்கு அதுவே போதும், எதுக்கு இவ்ளோ கஷ்டம்" என்றார். அக்கா பாசத்தில்தான் சொன்னார். ஆனால் கூடவே உட்கார்ந்திருந்த அவள் தம்பியும் மருத்துவம் படிக்கிறான், எலும்பு அறுவை சிகிச்சைக்குப் போகப் போகிறான், குழந்தை எப்போது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, ராத்திரி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

இதைத்தான் "சொந்த விருப்பத் தேர்வு" என்று புள்ளிவிவரத்தில் எழுதுவார்கள். அமெரிக்காவில் கணவன் மனைவி இருவரும் மருத்துவர்களாக உள்ள குடும்பங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சிறு பிள்ளை உள்ள மனைவியரின் வேலை நேரம் பிள்ளை இல்லாதவர்களுடையதைவிட வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் குறைவாக இருந்தது, கணவர்களின் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே படிப்பு, ஒரே தொழில், ஒரே வீடு. 2023இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் பல வருஷமாகச் சொல்லி வருவது இதுதான்: எந்த வேலை உன் நேரத்தை எல்லாம், எந்த நேரத்திலும் கேட்கிறதோ, அந்த வேலை மணிக்கு மணி அதிகமாகக் கொடுக்கிறது. வீட்டில் ஒருவர் அந்த வேலையை எடுத்தால் இன்னொருவர் வீட்டுக்குக் கூப்பிட்ட நேரத்தில் வரக்கூடிய வேலையைத்தான் எடுக்க முடியும், அது யார் என்று நம் வீடுகளில் சொல்லவே வேண்டாம். பாட்டி தாத்தா, இல்லப் பணிப்பெண் எல்லாம் இருந்தும்கூட, பள்ளியிலிருந்து போன் வந்தால் அது அம்மாவின் கைப்பேசிக்குத்தான் வருகிறது.

அதே கோல்டின் மருந்தாளர்களைப் பற்றியும் ஆராய்ந்தார், எனக்கு நம்பிக்கை தருவது அந்தப் பகுதி. ஒரு காலத்தில் மருந்துக்கடை என்றால் முதலாளியே நாள் முழுக்க நிற்க வேண்டும். பிறகு பெரிய கடைத்தொடர்கள் வந்தன, நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது, ஒரு மருந்தாளர் போனால் இன்னொருவர் வந்து அதே வேலையைத் தொடரலாம் என்றானது. பகுதிநேரம் பார்ப்பவருக்கும் மணிக்கு அதே கூலி கிடைத்தது, ஆண் பெண் இடைவெளி அமெரிக்காவில் மற்ற உயர்தொழில்களைவிட மிகவும் சுருங்கியது. யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, வேலையை அமைத்த விதம் மாறியது. நம் பலதுறை மருந்தகங்களில் குழுவாகப் பார்க்கும் முறை வந்துகொண்டிருக்கிறது, தேசிய மின் சுகாதாரப் பதிவேடு 2011 முதலே இருக்கிறது. அறுவைத் துறைகளிலும் இதைச் செய்ய முடியும், ஒரு நோயாளியை இரண்டு பேர் சேர்ந்து கவனிப்பதைக் கௌரவக் குறைச்சலாகப் பார்க்காமல் இருந்தால்.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்? 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், பெண் என்பதற்காகவோ கர்ப்பம், பிள்ளை வளர்ப்பு காரணமாகவோ பாகுபாடு காட்டுவதை, நடைமுறைக்கு வந்ததும், தடைசெய்யும். வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் கட்டத்தில் அது பொருந்தாது, நம் அக்கம்பக்கக் கிளினிக்குகளில் டாக்டர், நர்ஸ், கவுண்டர் எல்லாரையும் சேர்த்தாலும் எத்தனை பேர் தேறுவார்கள்? அப்புறம், எனக்கு அறை 1க்கும் அறை 2க்கும் நடுவே எந்தப் பாகுபாடும் நடந்ததாகத் தெரியவில்லை, ஒப்பந்தம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். யார் மேலும் வழக்குப் போட முடியாத இடைவெளி அது. அப்பாக்களுக்கான விடுப்பு 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக நான்கு வாரம் ஆகியிருப்பதும், பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு சேர்ந்திருப்பதும் உண்மையிலேயே பெரிய மாற்றம், ஆண் டாக்டர்களும் அதைக் கூச்சமில்லாமல் எடுக்க ஆரம்பித்தால்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2023 ஜூலையில் ஆரம்பித்த ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம். அதில் பதிந்துகொண்ட நோயாளிக்கு இத்தனை தடவை வந்தார் என்று பார்க்காமல், அவரை வருஷம் முழுக்கக் கவனித்துக்கொள்வதற்காகக் குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு ஆண்டுக் கட்டணம் ஒன்றைச் சுகாதார அமைச்சு கொடுக்கிறது. தலைக்கு இவ்வளவு, விரைவாக அனுப்பினால் லாபம் என்ற கணக்கிலிருந்து காசு முதல் தடவையாகக் கொஞ்சம் நகர்கிறது. இந்தக் கட்டணம் கிளினிக் முதலாளிக்குப் போகிறதா, உட்கார்ந்து கேட்ட டாக்டருக்கும் போய்ச் சேர்கிறதா என்பதில்தான் என் கவலை எல்லாம். அறைவாரியாக வசூலைக் கூட்டித்தான் பங்கு பிரிப்பேன் என்று ஒவ்வொரு கிளினிக்கும் பழைய வழியிலேயே போனால், மேலே மாறியது கீழே வந்து சேராது. தனியார் குழுமங்களில் சேரப்போகும் இளம் பெண் டாக்டர்கள் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். நீண்ட ஆலோசனைக்கு நீண்ட கட்டணம் போடக் கூசக் கூடாது என்றும் சொன்னேன். "அந்தப் பாட்டிகிட்ட நீங்க போட்டிருப்பீங்களா, சின்னம்மா?" என்று திருப்பிக் கேட்டாள்.

போட்டிருக்க மாட்டேன். அவரிடம் போய் எப்படிப் போடுவது, சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தவர் அவர். அதனால்தான் அந்த 2.4 நிமிடத்தின் செலவைப் பாட்டியின் கைக்காசிலிருந்தும் எடுக்காமல், டாக்டர் தலையிலும் போடாமல், மெடிசேவும் அரசாங்க மானியமும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்கிறேன். முட்டி அறுவை சிகிச்சைக்கு ஒரு எண் போட்டு விலை வைக்கத் தெரிந்த நமக்கு இதற்கும் ஒரு எண் போடத் தெரியும்.

பாட்டிக்குக் கேகேயில் அடுத்த வாரமே தேதி கிடைத்தது. சில மாதம் கழித்துக் கொஞ்சம் இளைத்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சீக்கிரம் கண்டுபிடித்ததால் கர்ப்பப்பையை எடுத்ததோடு சரியாகிவிட்டது என்று மகள் சொன்னார். அன்றைக்கும் அறை 1 காலி, அறை 2க்கு ஏழு பேர். பாட்டி நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.